வெட்டிய புல் மக்காமல் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வெட்டிய புல்லை மக்கவைப்பது சமையலறைக் கழிவை மக்கவைப்பதைவிடச் சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சமையலறைக் கழிவில் எலுமிச்சைத் தோல் வரும், மீன்முள் வரும், யாரோ மறந்துபோய்ப் போட்ட ரப்பர் பேண்டும் வரும். புல்லில் அந்தத் தொல்லை கிடையாது, வெறும் புல். அப்படி வெறும் புல்லாக இருப்பதுதான் அதன் தொல்லையே என்பது மூன்று குவியல்களைப் பாழாக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்போதே வெட்டிய புல்லின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். மீதி இருப்பதில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம்: ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பதினைந்து, இருபது பங்கு கரிச்சத்துதான் (கார்பன்) தேறும். குவியலில் வேலை பார்க்கும் நுண்ணுயிர்களுக்கோ 25 முதல் 30 பங்கு கரி வேண்டும். அப்புறம், புல் மெல்லிசு. குவித்து வைத்த மறுநாளே ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றுப் போக இடமில்லாமல் அமுங்கிவிடும். ஈரம் கூடுதல், தழைச்சத்து கூடுதல், காற்று குறைவு. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது. மூன்றுக்கும் காய்ந்த சருகுதான் மருந்து.

ஒரு கூடைப் புல்லுக்கு இரண்டு கூடைச் சருகு, அடைமழைக் காலத்தில் மூன்று. கூடைக் கணக்குதான், எடைக் கணக்கு வேண்டாம். சருகுக்கு எடையே இருக்காது.

சிக்கல் என்னவென்றால், புல்லும் சருகும் ஒரே சமயத்தில் கிடைக்காது. எங்கள் கோவைப் பக்கம் வேம்பும் புங்கனும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். புல் தறிகெட்டு வளர்வது ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும். சருகு மலிந்த நேரத்தில் அதைத் தெருவோரம் கூட்டி எரித்துவிடுகிறோம். புல் மலியும்போது ஒரு பிடிச் சருகுக்கு அலைகிறோம். நான் இப்போது பங்குனியிலேயே பழைய அரிசிச் சாக்குகளில் சருகை மிதித்து அமுக்கிக் கார் ஷெட் ஓரம் அடுக்கிவைக்கிறேன். என் வீட்டுப் புல்தரை இரண்டு கார் நிறுத்தும் அளவுதான். அதற்கே வருஷத்துக்குப் பன்னிரண்டு சாக்கு தீர்ந்துவிடுகிறது.

சரி, இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம்.

சாக்கடை நாற்றம், தொட்டால் கொழகொழ

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து அடுக்குமாடியில் புல் வெட்டுகிறவர் ஆறு சாக்குப் புல்லை என் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். நான்தான் கேட்டிருந்தேன், ஆனால் அன்றைக்கு ஊரில் இல்லை. நான்காம் நாள் வந்து பார்த்தால், சாக்கின் அடியிலிருந்து கஷாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் வடிந்து வாசல் சிமென்டில் கோடு போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்க செப்டிக் டேங்க் எங்கயாவது கசியுதா பாருங்க" என்றார். சாக்கைப் பிரித்தேன். மேலே ஒரு சாண் வரை பச்சை மாறாத புல். அதற்குக் கீழே கையை விட்டால் சுட்டது. இன்னும் கீழே, வேகவைத்துப் பிழிந்த கீரை போல ஒரே கட்டி. விரலால் நிமிண்டினால் தனித்தனிப் புல்லாக வரவில்லை, ஏடு ஏடாக உரிந்தது. ஒவ்வொரு ஏட்டை உரிக்கும்போதும் புதிதாக ஒரு நாற்றம் கிளம்பியது.

நடந்தது இதுதான். முதல் நாளிலேயே நுண்ணுயிர்கள் உள்ளிருந்த காற்று முழுவதையும் தீர்த்துவிட்டன. காற்றுத் தீர்ந்ததும், காற்றில்லாமல் வாழும் வேறு கூட்டம் பொறுப்பேற்றுக்கொண்டது. அழுகிய முட்டை வாடையும் புளித்த வாடையும் அதன் வேலை. புல் கெட்டுப்போய்விடவில்லை, மக்குவதற்குப் பதிலாக அழுகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காப்பாற்றிவிடலாம்.

கட்டியை வெளியே எடுத்து ஒரு தார்ப்பாயில் உதறிப் பரப்புங்கள். கட்டியாக இருப்பதை வாரியால் பிய்த்துப் பிரிக்க வேண்டும், இதில் சோம்பல்பட்டால் அந்தக் கட்டி அப்படியே மூன்று மாதம் கழித்தும் கட்டியாகவே வரும். அரை நாள் வெயில் போதும். முறுகக் காயவிட வேண்டாம், துவண்டால் போதும். பிறகு, குவியல் போடும் இடத்தில் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் துவரை மார், பருத்தி மார், வெட்டிய தென்னை மட்டை என்று ஏதாவது கரடுமுரடாகப் போடுங்கள். அடியிலிருந்து காற்று ஏற அதுதான் வழி. முருங்கைக் கொம்பை மட்டும் போடாதீர்கள், முளைத்துவிடும். நான் போட்டு, முளைத்து, இப்போது அது காய்க்கிறது.

அதற்கு மேல் புல்லையும் சருகையும் கலந்து போட வேண்டும். ஒரு அடுக்குப் புல், ஒரு அடுக்குச் சருகு என்று அடுக்கச் சொல்லுகிற வழக்கம் ஒன்று உண்டு. மற்ற கழிவுகளுக்கு அது சரியாக இருக்கலாம். புல்லுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அடுக்காகப் போட்ட புல் அடுக்காகவே அடையாகிவிடும். பூரணம் பிசைவது போல இரண்டையும் ஒன்றாகப் புரட்டிவிடுங்கள்.

சருகு இல்லாதவர்கள் கையில் கிடைத்ததைப் போடுவார்கள். கிழித்த அட்டைப்பெட்டி நல்லது, பசை நாடாவை உரித்துவிட வேண்டும். கடலைத் தோல் அருமையான சரக்கு, ஈரத்தில் அமுங்காது. நெல் உமி லேசில் மக்காது, ஆனால் உள்ளே காற்று நிற்க இடம் கொடுக்கும். மரத்தூளும் தென்னை நார்த்தூளும்தான் ஏமாற்றும். நார்த்தூளைப் போட்டவுடன் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு குவியல் உலர்ந்த மாதிரி தோன்றும். ஆனால் அது பொடி. காற்றுக்கு வழிவிடாது, ஒரு மழை பெய்தால் ஊறிப்போய்ப் புல்லைவிட மோசமாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை மட்டுமே நம்ப வேண்டாம், சருகோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். குவியலுக்குள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதாது. கையை விரித்ததும் உதிர்ந்து போனால் தண்ணீர் போதாது.

வந்த நாளே கலக்க நேரமில்லை என்றால், சாக்கைக் கட்டியே வைக்காமல் நிழலில் கொட்டிப் பரப்பிவிடுங்கள். இந்தூரில் 1920களில் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த மக்குமுறையும் பச்சைத் தழையை முதலில் வாடவிடச் சொல்லும். ஒரு நாள் வாடிய புல்லை வைத்து வேலை செய்வது பச்சைப் புல்லைவிடப் பாதி சிரமம்.

கண் எரிகிற நெடி, மூத்திர வாடை

மேலே சொன்ன நாற்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது அமோனியா. குவியல் சூடாக, சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். கொழகொழப்பு இருக்காது. ஆனால் கிளறினால் மூக்கில் சுள்ளென்று ஏறும். தழைச்சத்து கூடுதலாகி, நுண்ணுயிர்கள் உண்டதுபோக மிச்சம் ஆவியாகிப் போகிறது. உரமாக வர வேண்டியது காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சருகைக் கூட்டுங்கள், ஒரே ஒரு முறை கலந்துவிடுங்கள். மேலே இரண்டு விரற்கடை கனத்துக்குப் பழைய மக்கோ தோட்டத்து மண்ணோ போட்டு மூடுங்கள். திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள், கிளறக் கிளற இன்னும் போகும். நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நாற்றத்துக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். சுண்ணாம்பு பட்டால் அமோனியா இன்னும் வேகமாக வெளியேறும். சாம்பலும் அப்படித்தான்.

சாணிப்பால், ஜீவாமிர்தம், புளித்த மோர் என்று எந்தக் குவியலைக் கண்டாலும் ஏதாவது ஊற்றிப் பார்க்கும் கை நம்முடையது. சருகு மட்டுமே உள்ள குவியலுக்குச் சாணிப்பால் தேவை. புல்லில் ஏற்கெனவே தழைச்சத்து நிறைய, நுண்ணுயிரும் நிறைய. புல் குவியலில் சாணிப்பால் ஊற்றிவிட்டு நெடி வருகிறது என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

சூடே ஏறவில்லை

ஒரு கடப்பாரையையோ நீளமான இரும்புக் கம்பியையோ குவியலின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நடுப்பகுதியைக் கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் உள்ளே 55 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்கிறது, நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. சில்லென்று இருந்தால் யோசிக்க வேண்டும்.

பெரும்பாலும் குவியல் சின்னதாக இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் இல்லாவிட்டால் உண்டாகும் சூடு நிற்காமல் வெளியே போய்விடும். மொட்டைமாடியில் டிரம்மிலும் மண்தொட்டியிலும் செய்கிறவர்களுக்குச் சூடு ஏறாது, அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். சூடில்லாமலே மெதுவாக மக்கும், நான்கைந்து மாதம் ஆகும். சூட்டில் சாக வேண்டிய களை விதைகள் மட்டும் சாகாது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதல் வாரம் நன்றாகச் சுட்டுவிட்டு அப்புறம் தணிந்துவிட்டால் அது கோளாறே இல்லை. புல் சட்டென்று சூடேறி சட்டென்று அடங்குகிற சரக்கு. சூடு தணிவதுதான் கிளறச் சொல்லும் சமிக்ஞை. வெளிப்பக்கம் இருப்பது உள்ளே போகும்படி ஒரு புரட்டு புரட்டினால் மறுநாளே திரும்ப ஏறும். மூன்றாவது, நான்காவது புரட்டலுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் தீனி தீர்ந்துவிட்டது, இனி அதை விட்டுவிடலாம்.

உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை

கிளறும்போது நடுப்பகுதியில் சாம்பல் தூவியது போலத் தெரியும். நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டை விரும்பும் ஒரு வகை நுண்ணுயிர் அது. மழை பெய்த மண்ணின் வாசனைக்குக் காரணமும் அதன் இனம்தான். காய்ந்து தூள் பறக்கிற குவியலைக் கிளறும்போது மட்டும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அல்லது லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். வீசிங் உள்ளவர்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவது நல்லது.

வைக்கோல் மாதிரி காய்ந்துவிட்டது, எறும்பு புற்று வைத்திருக்கிறது

சித்திரை வெயில். மேலே தண்ணீர் ஊற்றினால் ஓலைக்கூரையில் பட்ட மழைபோல வழிந்து ஓடும், உள்ளே இறங்காது. கடப்பாரையால் ஏழெட்டு இடத்தில் குத்தித் துளை போட்டு, துளைக்குள் மெதுவாக ஊற்றுங்கள். அதைவிடப் பிரித்துப் போட்டுப் பூவாளியால் நனைத்துத் திரும்பக் குவிப்பது மேல். அப்புறம் ஈரச் சாக்கோ தென்னங்கீற்றோ போட்டு மூடிவிட வேண்டும். எறும்புக்குத் தனி வைத்தியம் வேண்டாம். அது உலர்ந்த இடம் தேடி வந்தது, நனைந்ததும் முட்டையைத் தூக்கிக்கொண்டு தானே போய்விடும்.

புழு, பெரிய புழு

இதில் பலருக்கும் கை உடனே உப்புக்கோ பூச்சிமருந்துக்கோ போகும். பொறுங்கள், முதலில் எந்தப் புழு என்று பாருங்கள்.

தட்டையாக, சாம்பல் கலந்த பழுப்பில், வரிவரியாக நெளிந்தால் அது கருப்பு சிப்பாய் ஈயின் புழு. சமையலறைக் கழிவையும் இதே குவியலில் போடுகிறீர்கள், ஈரமும் கூடுதல் என்று அதற்கு அர்த்தம். தீங்கு செய்யாது, மக்கவைப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரன். கோழி வளர்க்கிறவர்களுக்கு லாபம். அருவருப்பாக இருந்தால் சருகைக் கூட்டி உலர்த்துங்கள், குறைந்துவிடும்.

வெள்ளையாக, கொழுத்து, பழுப்புத் தலையோடு அரைவட்டமாக வளைந்து கிடந்தால் அது வண்டுப் புழு. இதில்தான் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒன்றை எடுத்துச் சிமென்டுத் தரையில் விடுங்கள். முதுகைத் தரையில் வைத்து, கால்கள் ஆகாயத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூவண்டு வகை. மக்கியதைத்தான் தின்னும், திரும்ப உள்ளேயே விட்டுவிடலாம். முதல்முறை பார்ப்பவருக்கு அடிபட்டு மல்லாந்துவிட்டது போலத் தோன்றும். அதன் நடையே அதுதான்.

அப்படிப் போகாமல் பக்கவாட்டில் சுருண்டு புரண்டால், அதுவும் கட்டைவிரல் பருமனுக்கு இருந்தால், காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். உரக்குழிதான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. புழு குவியலை ஒன்றும் செய்யாது. வளர்ந்து வண்டான பிறகுதான் தென்னையின் குருத்தைத் துளைக்கும். கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டு உள்ள மட்டைகள் விரிவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த வண்டின் கைவரிசை. வீட்டில் தென்னை இல்லை என்றாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு புரட்டலின்போதும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கோழியும் மைனாவும் உதவிக்கு வரும். குவியலை மாதக்கணக்கில் தொடாமல் விட்டால்தான் இது பெருகும். வண்டு இரவில் பறந்து வந்து முட்டையிடுவதால் மேலே நெருக்கமான வலை போட்டு மூடுவதும் உதவும். தென்னந்தோப்புக்காரர்களின் பெரிய எருக்குழி என்றால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து குழியில் ஊற்றுவது வழக்கத்தில் உள்ள முறை. வேளாண் துறை ஆட்களைக் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

மரவட்டை, மண்புழு, பூரான்? முதல் இரண்டும் நம் ஆட்கள். பூரான் கடிக்கும், கையுறை போட்டுக்கொண்டு கிளறுங்கள்.

எலி, பெருச்சாளி

புல்லுக்காக எலி வராது. சோறும் எண்ணெய்ப் பண்டமும் போட்டிருப்பீர்கள். எலி வந்தால் பின்னால் பாம்பும் வரும். சோறு போடுவதை நிறுத்துங்கள், அடியில் கம்பிவலை விரியுங்கள், வாரம் ஒருமுறை கம்பால் தட்டிக் கலையுங்கள்.

உரம் போட்ட பாத்தியில் கோரையும் அருகும்

நம் ஊர்ப் புல்தரையில் கொரியன் புல்லோ மெக்சிகன் புல்லோ போட்டிருந்தாலும் நடுவில் கோரை வராத இடம் கிடையாது. வெட்டும் இயந்திரத்தின் கத்தி மேலே உள்ளதைத்தான் வெட்டுகிறது. அதனால் வெட்டிய புல்லில் கோரைக் கிழங்கு வராது. கையால் களை பிடுங்கி அதே குவியலில் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள், அங்கேதான் வந்திருக்கும். அருகு வேறு மாதிரி. அதன் ஓடுதண்டில் ஒரு கணு இருந்தாலும் உயிர் இருக்கிறது. ஓரத்தை வெட்டிச் சீர்செய்த துண்டுகள் வழியாக அது குவியலுக்குள் நுழையும்.

குவியல் 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நின்று, வெளிப்பக்கம் இருந்ததும் ஒருமுறை உள்ளே போய் வெந்திருந்தால் பெரும்பாலான விதைகள் சாகும். பார்த்தீனியம் பூத்த செடியை மட்டும் நான் எந்தச் சூட்டையும் நம்பிப் போடுவதில்லை. கோரைக் கிழங்கையும் அருகுத் தண்டையும் குவியலுக்கு முன்னால் தனியாகக் கொல்ல வேண்டும். சித்திரையில் மொட்டைமாடித் தரையில் பரப்பிவைத்தால் போதும். கிழங்கு சுருங்கி, உடைத்தால் உள்ளே வெள்ளை தெரியாமல் நொறுங்க வேண்டும், அதுதான் அடையாளம். மழைக்காலம் என்றால் மூடியுள்ள டிரம்மில் தண்ணீர் நிரப்பி முழுக ஊறவையுங்கள். ஒரு மாதத்தில் கூழாகிவிடும். மூடாமல் வைத்தால் கொசுப் பண்ணை ஆகிவிடும், நாற்றமும் தெருவுக்கே கேட்கும். அந்த ஊறல் தண்ணீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்துச் செடிகளின் வேரில் ஊற்றலாம், கீரைக்கு மட்டும் வேண்டாம்.

உரம் போட்டதும் செடி வாடுகிறது, இலை சுருள்கிறது

இங்கே இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

கீழ் இலைகள் ஒரே சீராக வெளுத்து மஞ்சளானால், உரம் அரைகுறையாக மக்கியிருக்கிறது. மிச்சமுள்ள சருகை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே தழைச்சத்தை உறிஞ்சுகின்றன. செடிக்குப் பட்டினி. உரத்தை மண்ணோடு கிளறாமல் மேலாக ஒதுக்கிவையுங்கள், ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும்.

புதுத்தளிர் கிண்ணம்போலக் குவிந்து, நரம்புகள் நெருங்கி இணைகோடாகி, தண்டு முறுக்கிக்கொண்டால் அது பட்டினி இல்லை, மருந்து. தக்காளியும் அவரையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பெரிய புல்வெளிகளில் அகல இலைக் களைகளைக் கொல்ல 2,4-டி வகைக் களைக்கொல்லி அடிப்பது உண்டு. புல் சாகாது, களைதான் சாகும். அதனால் வெட்டிய புல் பளபளவென்று ஆரோக்கியமாகவே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2,4-டி சூடான குவியலில் நாளாவட்டத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆனால் குளோபைராலிட் போன்ற சில மருந்துகள் மக்கிய பிறகும் பிடிவாதமாக நிற்பவை. மருந்து அடித்த புல்லையே நேராகச் செடியடி மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

என் தக்காளி ஒருமுறை அப்படிச் சுருண்டது. வைரஸ் என்று நினைத்து ஆறு செடியைப் பிடுங்கி எரித்த பிறகுதான், புல் வந்த இடத்தில் போன வாரம் "ஏதோ களை மருந்து" அடித்தார்கள் என்று காவலாளி சொன்னார். அதிலிருந்து வெளிப் புல் வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி "எப்போ வெட்டினீங்க" அல்ல, "எப்போ மருந்து அடிச்சீங்க."

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். இரண்டு சின்னத் தொட்டி. ஒன்றில் பாதி உரம், பாதி மண். இன்னொன்றில் வெறும் மண். இரண்டிலும் நாலைந்து தட்டைப்பயறு ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் மூன்றாவது, நான்காவது இலைகள் வரும். உரத்தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த உரம் காய்கறிக்கு ஆகாது. அதைப் புல்தரைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், புல்லுக்கு அது ஒன்றும் செய்யாது. மருந்தடித்த புல்லை மாட்டுக்கும் போடக் கூடாது. மாட்டின் வழியாகச் சாணத்துக்கும் அந்த மருந்து போய்ச் சேரும்.

மூடாக்கு போட்டேன், தண்ணீர் உள்ளே போகவில்லை

பச்சைப் புல்லை ஒரே தடவையில் ஒரு சாண் கனத்துக்குப் போட்டிருப்பீர்கள். மேலே காய்ந்து பாய் போலப் பின்னிக்கொள்ளும், கீழே அழுகும். ஒரு நாள் காயவைத்து, இரண்டு விரற்கடை கனத்துக்கு மேல் போகாமல் தூவுங்கள். அது சுருங்கிய பிறகு அடுத்த தடவை. தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறும் மண்ணாக விடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். மழைக்காலத்தில் நத்தை அடியில் ஒளிந்துகொண்டு கத்தரி நாற்றை மேய்ந்துவிடும். அந்த இரண்டு மாதம் நாற்றங்காலில் நான் புல் மூடாக்கே போடுவதில்லை.

புல்லை அப்படியே தரையில் விட்டேன், திட்டுத்திட்டாக மஞ்சள்

உண்மையில் வெட்டிய புல்லுக்கு மிகச் சுலபமான வழி அதை அள்ளாமல் விடுவதுதான். புல்தரைக்கு வருஷத்தில் தேவைப்படும் தழைச்சத்தில் கால்வாசி வரை அதிலிருந்தே கிடைத்துவிடும். மஞ்சள் திட்டு வருவது கட்டியாக விழுந்த இடத்தில். ஈரத்தில் வெட்டாதீர்கள். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கத்தி மழுங்கியிருந்தால் புல்லை வெட்டாமல் கடித்துத் துப்பும், தீட்டுங்கள். கட்டி விழுந்தால் துடைப்பத்தால் தட்டி விரித்துவிட்டால் இரண்டே நாளில் காணாமல் போய்விடும். பிரஷ் கட்டர் கொண்டு வருகிற ஆட்கள் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார்கள், முழங்கால் உயரம் வளர்ந்ததை ஒட்ட வழிப்பார்கள். அந்தப் புல்லை விடக் கூடாது, அள்ளத்தான் வேண்டும்.

புல்லை விட்டால் தரையில் மெத்தை கட்டிவிடும் என்று சொல்வார்கள். மெத்தை கட்டுவது மக்காத தண்டும் வேரும்தான். மென்மையான இலை நுனிக்கு அதில் பங்கில்லை.

மக்கிவிட்டதா என்று தெரியவில்லை

ஒழுங்காகப் புரட்டிய குவியல் இரண்டு மூன்று மாதத்தில் ஆகிவிடும். தொடாமல் விட்டால் ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். உயரம் பாதியாக இறங்கியிருக்கும், புல் எது சருகு எது என்று தெரியாது. மா இலையின் நரம்பும் புங்கங்காய் ஓடும் மட்டும் கிடக்கும், அவற்றைச் சல்லடையில் சலித்து அடுத்த குவியலில் போட்டுவிடலாம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. நான் நம்புவது வேறொரு சோதனை. ஈரமான ஒரு பிடியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்துவிட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். அவிழ்த்து முகரும்போது மண் வாசனை வந்தால் அள்ளலாம். பழைய சோற்றுப் புளிப்போ நெடியோ வந்தால் இன்னும் மூன்று வாரம் மூடிவையுங்கள். கவரில் தேதி எழுதிவையுங்கள். என்னுடையது ஒன்று போன வருஷம் முதல் பரண்மேல் இருக்கிறது, திறக்கத் தைரியம் வரவில்லை.